சுர்க்கியிலிருந்து கிராபீன் வரை: புதுப்பொருளில் போடும் பணம்

(கூடலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலீடு பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று பெயர் சொல்லுவேன் என நினைத்து யாராவது வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தச் சீட்டு என் பையில் இல்லை. நான் எடுத்துக்கொண்டது முதலீட்டில் ஒரு சின்ன மூலை. உலகத்தையே புரட்டிப் போடும் என்று சொல்லப்படும் ஒரு புதுப்பொருள் வருகிறது. அதைச் செய்யும் கம்பெனி பங்கு விற்கிறது. நம் கையில் ஏலக்காய் விற்ற பணமோ, பணி ஓய்வில் வந்த பணமோ கொஞ்சம் இருக்கிறது. போடலாமா? இன்றைக்கு அந்தப் பொருளின் பெயர் கிராபீன். பெயர் மாறும், கேள்வி மாறாது.

இதைக் கூடலூரில் பேசுவதில் ஒரு வசதி உண்டு. நீங்கள் குடிக்கும் தண்ணீருக்குப் பின்னால் ஒரு கட்டுமானப் பொருளின் கதை இருக்கிறது. பெரியாறு அணை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. அந்த அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். இந்தத் தேதிகள் உங்கள் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆனால் அணை எதனால் கட்டப்பட்டது என்பதை ஒரு முதலீட்டாளனின் கண்ணால் பாருங்கள். வெளிமுகம் கருங்கல். வயிற்றுப் பகுதி சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த சுர்க்கிக் காரை. குருவனூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கம்பிவடத்தில் தொங்கி மலையேறியது. போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதாவது அணையின் பொறியாளர் பென்னிகுவிக் அஸ்திவாரம் போட்டபோது சிமெண்ட்டுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. லண்டனின் சாக்கடைகளே அதில் கட்டப்பட்டிருந்தன. இருந்தும் இங்கே சுண்ணாம்புதான். சிமெண்ட் கப்பலில் வந்து இறங்கி, பிறகு வண்டியேறி வரவேண்டிய சரக்கு. சுண்ணாம்போ காலடியில் கிடந்தது, அதைக் குழைக்கத் தெரிந்த கைகளும் நாட்டில் நிறைய இருந்தன.

சிமெண்ட் அந்த அணைக்கு வரத்தான் செய்தது. 1979-க்குப் பிறகு அணையைப் பலப்படுத்தியபோது மேலே கான்கிரீட் மூடி, பின்னால் கான்கிரீட் முட்டு என்று வந்தது. மேலான பொருள்தான், சந்தேகமில்லை. வர எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பணம் யார் போட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பென்னிகுவிக் தன் சொத்தை விற்றுக் கட்டினார் என்ற பேச்சு இந்தப் பள்ளத்தாக்கில் பக்தியோடு சொல்லப்படுகிறது. அவர் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள் நடுவில் நின்றுகொண்டு அந்தப் பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். திட்டத்துக்குச் செலவழிந்தது சென்னை மாகாண அரசின் பணம். 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்ட அரசு அது. நீர்த்தீர்வையாக வரும் வருமானத்துக்கு ஐம்பது வருஷம் காத்திருக்க அதனால் முடியும். உங்களாலும் என்னாலும் முடியுமா என்பதில்தான் இன்றைய பேச்சே இருக்கிறது.

சிமெண்ட் கம்பெனிகளைப் பார்ப்போம். இந்தியாவில் போர்ட்லாண்ட் சிமெண்ட் செய்ய முதலில் இறங்கியது பம்பாய்க்காரர்களோ கல்கத்தாக்காரர்களோ இல்லை. சென்னையில் 1904-இல் சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற கம்பெனி, கடற்சிப்பியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துச் சிமெண்ட் செய்ய முயன்றது. எந்தப் பொருளைச் செய்யவேண்டும் என்பதில் அவர்கள் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. இருபதாம் நூற்றாண்டின் இந்தியா முழுவதும் சிமெண்ட்டில்தான் எழும்பியது. கம்பெனி நிலைக்கவில்லை. அந்தப் பங்கை வாங்கிய சென்னைக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் நண்பர்களிடம் சொன்னதெல்லாம் பலித்தது, போட்ட பணம் மட்டும் பலிக்கவில்லை.

அடுத்து 1914-இல் போர்பந்தரில் இந்தியன் சிமெண்ட் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. முதல் உலகப் போர் மூண்டு கப்பல் வரவு குறைந்ததால் அதற்கு யோகம் அடித்தது. அந்த லாபத்தைப் பார்த்து, போருக்குப் பிறகு பலர் ஆலை போட்டார்கள். நாடு வாங்கும் அளவைவிட உற்பத்தித் திறன் பெருகியது. அடக்க விலைக்கும் கீழே விற்று ஒருவரை ஒருவர் சாய்த்தார்கள், சில கம்பெனிகள் மூடின. தப்பியவர்கள் 1925-இல் சங்கம் சேர்ந்தார்கள். 1927-இல் கான்கிரீட் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று இன்னொரு அமைப்பைத் தொடங்கினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். சிமெண்ட்டை எப்படிக் கலப்பது, எப்படி வார்ப்பது, எங்கே பயன்படுத்துவது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. பொருள் கண்டுபிடிக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு கழிந்தும், அதை வாங்கத் தெரிந்தவனை உருவாக்க உற்பத்தியாளர்கள் தங்கள் காசைச் செலவழிக்க வேண்டியிருந்தது. கடைசியில் 1936-இல் பல கம்பெனிகள் ஒன்றாகி ஏ.சி.சி. ஆனது.

நம் பக்கத்தில் சங்கரலிங்க ஐயரும் டி.எஸ்.நாராயணசுவாமியும் இந்தியா சிமெண்ட்ஸ் தொடங்கியது 1946-இல், தாழையூத்து ஆலை ஓடத் தொடங்கியது 1949-இல். அதற்குள் சிமெண்ட்டில் புதுமை என்று ஒன்றும் மிச்சமில்லை. கொத்தனார் எல்லாருக்கும் தெரிந்த சரக்கு. அப்போது வந்தவர்கள் நீடித்தார்கள். 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போகும்வரை அது முக்கால் நூற்றாண்டுக்கு மேல் தன் காலில் நின்ற கம்பெனி.

இனி அலுமினியம். இந்தக் கதையை நம் பொருளாதார வகுப்புகளில் சொல்லுவதே இல்லை என்பது என் குறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அலுமினியம் வெள்ளியோடு போட்டிபோட்ட அரிய உலோகம். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஏரூவும் தனித்தனியே மின்சாரத்தால் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள், விலை சரிந்தது. அந்தக் காலத்தின் கிராபீன் என்று சொல்லலாம். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் 1898-இல், கலைப்பள்ளியின் பட்டறையில், இந்த உலோகத்தை எடுத்துக்கொண்டார். அலுமினியம் உருக்கும் ஆலை ஒன்றை அவர் கனவு காணவில்லை. உலோகத்தை வெளியிலிருந்து வரவழைத்து, நம் கன்னார்களின் கையில் கொடுத்து, பானையும் சட்டியும் தட்டச் சொன்னார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசவேண்டும், அது தேயும், மறுபடி பூசவேண்டும். இதற்கு அந்தச் செலவு இல்லை, எடையும் குறைவு. வாங்குகிறவர் வீட்டு அடுக்களையிலேயே இருந்தார். பாத்திரம் விற்றது. 1903-இல் அரசு அந்தத் தொழிலை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டது.

இந்தியா தன் மண்ணில் முதல் அலுமினியக் கட்டியை வார்த்தது எப்போது தெரியுமா? 1943-இல், ஆலுவா அருகே அலுபுரத்தில். சட்டி செய்யும் தொழில் வந்து 45 ஆண்டு கழித்து உலோகம் செய்யும் தொழில் வந்தது. நம் மேட்டூர் ஆலை 1965-இல் ஓடத் தொடங்கி, 2008-இல் அலுமினியம் உருக்குவதை நிறுத்தியே விட்டது. மின்சாரத்தைத் தின்னும் தொழில் அது. மின்சார விலையும் உலகச் சந்தை விலையும் இரண்டு பக்கம் நெருக்கும்போது, பொருள் எவ்வளவு நல்லதாயிருந்தும் உருக்குகிறவனுக்கு மூச்சு முட்டும். பாத்திரக் கடைக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது, இன்னொருவரிடம் வாங்கிக்கொள்வார்.

சாட்டர்டன் இன்னொன்றும் செய்தார். குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறை அப்போது புதிது. தண்ணீரில் ஊறி அழுகாத தோல் யாருக்கு வேண்டும் என்று யோசித்தார். கமலை இறைக்கிற விவசாயிக்கு. திராட்சைத் தோட்டக் கிணறுகளில் கமலை ஓடியதை இங்கே வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கமலைத் தோல் அதிக நாள் உழைக்குமென்று காட்டினார். இந்தத் தொழிலும் பிறகு தனியாருக்குப் போனது. ஆனால் அரசாங்கம் தொழில் நடத்துவதா என்று ஐரோப்பிய வணிகர்கள் சண்டைக்கு வந்து, 1910-இல் லண்டனிலிருந்து மோர்லி பிரபு இத்தகைய முன்னோடி முயற்சிகளுக்குத் தடை போட்டார். அந்தத் தடை மட்டும் விழாமலிருந்தால் நம் மாகாணத்தில் என்னென்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் ஆற்றாமைதான்.

மணவாளக்குறிச்சி மோனசைட் மணலை ஒரு வார்த்தையில் கடக்கிறேன். கயிறு மூட்டைகளில் ஒட்டி வந்த மணலைப் பார்த்து 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் தோரியம் இருப்பதைக் கண்டுகொண்டார். காஸ் விளக்குத் திரிக்கு அன்று தோரியம் உயிர். ஆலையும் போட்டார். பிறகு உலகப்போர் வந்தது, அவரைக் கைதுசெய்தார்கள். மின்விளக்கு பெருகி, காஸ் திரியின் காலமும் முடிந்தது. மணல் அங்கேயே இருக்கிறது, இப்போது அரசு நிறுவனம் அதை வேறு காரியங்களுக்கு எடுக்கிறது.

கிராபீனுக்கு வருகிறேன். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை ஒரு சீட்டுக்கட்டு என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரே ஒரு சீட்டு கிராபீன். ஓர் அணு கனம். மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டும் நாடாவால் உரித்து உரித்து 2004-இல் அதைத் தனியே எடுத்துக் காட்டினார்கள், 2010-இல் நோபல் பரிசு வந்தது. எஃகைவிடப் பல மடங்கு உறுதி, செம்பைப்போல மின்சாரம் கடத்தும், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். எல்லாம் உண்மை. குறையில்லாத ஒற்றை ஏட்டுக்கு, ஆய்வுக்கூடத்தில் உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பத்தாண்டுக்கு 100 கோடி யூரோ என்று திட்டம் போட்டது. பங்குச் சந்தைக்குக் கம்பெனிகள் வரிசையாக வந்தன.

சாக்கில் போட்டு விற்கப்படுவது என்ன? 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகின் 60 உற்பத்தியாளர்களிடமிருந்து கிராபீன் மாதிரிகளை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலான மாதிரிகளில் கிராபீன் பத்து சதவீதம்கூட இல்லை. ஐம்பது சதவீதத்தைத் தாண்டியது ஒன்றும் இல்லை. மிச்சமெல்லாம் நைசாக அரைத்த கிராஃபைட். போடி ஏல மையத்தில் எட்டு எம்.எம். காய் என்று சொல்லி ஒருவர் இப்படிச் சரக்கைக் கொண்டுவந்தால் அடுத்த ஏலத்தில் அவர் முகத்தை யாரும் பார்ப்பார்களா? ஏலக்காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். கிராபீனுக்கு மின்னணு நுண்ணோக்கி வேண்டும். அதனால் வாங்குகிற தொழிற்சாலை ஒவ்வொரு லாட்டையும் சோதித்து, நம்பி, தன் கலவையை மாற்றிக்கொள்ள வருஷக்கணக்கில் ஆகிறது. அத்தனை வருஷமும் விற்கிற கம்பெனிக்குச் சம்பளச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

அதைவிடவும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் எக்ஸ்.ஜி. சயின்சஸ் என்ற கம்பெனியின் கிராபீனை ஃபோர்டு, 2018 கடைசியிலிருந்து தன் வண்டிகளில், எஞ்சின் மூடி முதலான பாகங்களில் போடத் தொடங்கியது. இரைச்சல் குறைந்தது, வெப்பம் தாங்கியது. ஃபோர்டையே வாடிக்கையாளராகப் பிடித்துவிட்ட கம்பெனி, இனி என்ன குறை என்று தோன்றும். 2022-இல் அதன் சொத்துகளை மான்ட்ரியலின் நானோஎக்ஸ்ப்ளோர் வாங்கிக்கொண்டது. ஃபோர்டு சொன்ன ஒரு கணக்கைக் கவனியுங்கள். அந்தப் பாகங்களில் சேரும் கிராபீன் அரை சதவீதத்துக்கும் குறைவு. பொருளின் மகிமையே அதுதான், சிட்டிகை போட்டால் போதும். சிட்டிகை போட்டால் போதுமென்றால் சிட்டிகைதான் விற்பனை. ஆலை போட்டது டன் கணக்கில் விற்க. இதை எந்த விளம்பர அறிக்கையும் நமக்குப் பிரித்துச் சொல்லாது. ‘ஒரு டன் பிளாஸ்டிக்குக்கு எத்தனை கிலோ உங்கள் சரக்கு போகும், கிலோ என்ன விலை’ என்று பெருக்கிப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்கே விளங்கும்.

இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த அப்ளைட் கிராபீன் மெட்டீரியல்ஸ் 2013-இல் லண்டன் சந்தைக்கு வந்தது. துருப்பிடிக்காத பெயின்ட்டுக்கு நல்ல சரக்கு செய்தார்கள், ஏமாற்று வேலை ஏதும் இல்லை. பத்தாண்டில், 2023-இல், அதன் தொழிலும் கைமாறியது. 1904-இன் சிப்பிச் சிமெண்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட கம்பெனிகள் விற்பனை வராத காலத்தில் எதை விற்று வாழ்கின்றன? பங்கை. நீங்கள் நூறு பங்கில் பத்து வைத்திருக்கிறீர்கள், பத்தில் ஒரு பாகம் உங்களுடையது. அடுத்த வருஷம் செலவுக்கு இன்னொரு நூறு பங்கு வெளியிடுகிறார்கள். உங்கள் பத்து அப்படியே இருக்கிறது, பாகம் இருபதில் ஒன்றாகிவிட்டது. இன்னும் இரண்டு முறை இது நடந்தபிறகு பொருள் ஜெயித்தாலும் உங்கள் பங்குக்கு என்ன வரும்? ஆண்டறிக்கையில் நான் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்: ஐந்து வருஷத்துக்கு முன் எத்தனை பங்கு, இப்போது எத்தனை பங்கு. நிறுவனர்கள் தங்கள் பங்கை விற்றிருக்கிறார்களா என்பது அடுத்தது. அதன்பிறகுதான் பொருளின் பெருமையைப் படிப்பேன்.

நம் நாட்டில் இப்போது சின்னக் கம்பெனிகளுக்கான எஸ்.எம்.இ. சந்தையில் ஒரு காய்ச்சல் அடித்து ஓய்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில், இரண்டே ஷோரூம் வைத்திருந்த டெல்லி பைக் கடை ஒன்று 12 கோடி கேட்டுப் பங்கு வெளியிட, ஏறத்தாழ 4,800 கோடிக்கு விண்ணப்பம் குவிந்தது. அதே மாதம் செபி எச்சரிக்கை விடுத்தது. பைக் விற்கிற கடைக்கே இந்தக் கூட்டமென்றால், ‘நானோ’ என்று பெயரில் சேர்த்துக்கொண்டு வருகிறவருக்கு எவ்வளவு கூடும்! 2023 ஜூலையில் தென்கொரிய ஆய்வாளர்கள் எல்.கே.-99 என்ற பொருளை, சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாதது என்று அறிவித்தபோது சியோல் சந்தையில் சில பங்குகள் பறந்தன. அவற்றில் ஒரு கம்பெனி, தனக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லையென்று தானே அறிவித்தது. ஆகஸ்ட் நடுவுக்குள் உலக ஆய்வுக்கூடங்கள் அந்த உரிமைகோரலைத் தள்ளிவிட்டன.

அப்படியானால் புதுப்பொருளுக்கு யார்தான் பணம் போடுவது என்று கேட்பீர்கள். 999 ஆண்டுக் குத்தகை எழுதக்கூடியவர் போடவேண்டும். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கென்று ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குமுளி தாண்டி இறங்கினால் கொச்சியில் கிராபீனுக்கென்றே ஒரு புத்தாக்க மையம், கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகமும் திருச்சூர் சி-மெட்டும் டாடா ஸ்டீலும் சேர்ந்தது. டாடா ஸ்டீல் கிராபீனுக்குச் செலவழிப்பது அதன் எஃகு வருமானத்தில் ஒரு தூசி. தோற்றால் எழுதித் தள்ளிவிடும். ஒரு ஓய்வூதியக்காரரின் ஐந்து லட்சம் அப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை.

புதுமையின் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஞள்ளானி ஏலச்செடியை இந்த மலைக்காரர்கள் எடுத்துக்கொண்ட விதத்தைப் பாருங்கள். இடுக்கியில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகம். பக்கத்துத் தோட்டத்தில் காய்ப்பைப் பார்த்து, தட்டை வாங்கி, முதலில் ஒரு மூலையில் நட்டு, பிறகுதான் எஸ்டேட் முழுக்க மாற்றினார்கள். அதே ஆள்தான் வாட்ஸ்அப்பில் வந்த பெயரைப் பார்த்து ஒரே நாளில் பங்கு வாங்குகிறார். இந்த முரண் எனக்கு விளங்குவதே இல்லை.

கடைசியாக, நமக்கு அருகில் இருப்பதைச் சொல்கிறேன். இங்கிருந்து இறங்கும் தண்ணீர் வைகையில் சேர்ந்து போகும் சிவகங்கைச் சீமையில், டாமின் நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. கிராபீனுக்கு அது மூலப்பொருள் என்பதைவிட, மின்வாகன பேட்டரியின் எதிர்முனைக்குக் கிராஃபைட் வேண்டும் என்பதுதான் இன்றைய சேதி. இங்கே சிட்டிகைக் கணக்கு இல்லை, ஒரு காரின் பேட்டரிக்குப் பல பத்து கிலோ போகும். 2023-இல் இந்தியா 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராஃபைட்டைச் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து கிராஃபைட் ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டைச் சீனா கட்டாயமாக்கியது. வாங்குகிறவர் உண்டு, டன் கணக்கும் உண்டு. அப்படியும் ஓர் இடத்தில் தயங்குகிறேன். பேட்டரித் தரத்துக்குச் சுத்திகரிக்கும் தொழிலில் உலகின் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. கதவைச் சாத்தினால் இங்குள்ள கம்பெனிக்கு யோகம், திறந்துவிட்டு விலையைக் குறைத்தால் 1920-களின் சிமெண்ட் சண்டைதான்.

ஆகவே நாளைக்கு ஏதாவது ஒரு கம்பெனி கிராஃபைட் எதிர்முனை ஆலை போடப்போகிறோம் என்று பங்கு வெளியிட்டால், கொள்ளளவு எத்தனை ஆயிரம் டன் என்ற பக்கத்தைத் தாண்டிப் போங்கள். பேட்டரி செய்கிறவர் யாராவது வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா, எத்தனை வருஷத்துக்கு, சீன விலை சரிந்தால் நஷ்டம் யார் தலையில் என்று அதில் எழுதியிருக்கிறதா, பாருங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று மட்டும் போட்டிருந்தால், அது பிடித்துக்கொண்ட போட்டோ, கொள்முதல் ஆணை இல்லை. ஆணை வரும்வரை பங்கு விலை ஏறிப்போய்விடுமே என்று ஒரு தம்பி கேட்கிறார். ஏறும். ஏறிய விலைக்கு வாங்குவதில் உங்களுக்குக் குறையும் லாபத்தை, அதுவரை தெரியாமலிருந்த விஷயங்களைத் தெரிந்துகொள்ளக் கொடுத்த கூலியாக நான் கணக்கு வைப்பேன். வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.